குடுத்தார் குடுத்தனவும்: பைண்டு கட்டிய பொன்னியின் செல்வனுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புள்ள கல்கி வாசகர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு வீட்டு மாடியறையில் இப்போது 62 பைண்டு புத்தகங்கள் இருக்கின்றன. எந்தப் பதிப்பகமும் போட்டவை அல்ல. ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, வீட்டிலேயே ஊசி நூலால் தைத்தோ, தெருமுனை பைண்டரிடம் கொடுத்துக் கட்டியோ வைத்தவை. பெரும்பாலும் ‘பொன்னியின் செல்வன்’. கொஞ்சம் ‘சிவகாமியின் சபதம்’. ‘பார்த்திபன் கனவு’ ஒன்றே ஒன்று, அதிலும் முன்பாதி இல்லை.

பரண் காலி செய்தபோது, பழைய வீட்டை இடித்தபோது, பாட்டி போன பிறகு அவர் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தவற்றை, தூக்கிப்போட மனம் வராமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று தொகுதிகள் பழைய பேப்பர் கடைத் தராசிலிருந்து மீண்டவை. இவற்றைச் சீர்செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வாசகர் குழு எடுத்துக்கொண்ட வேலை. அதற்குப் பணம் வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பொன்னியின் செல்வன்தான் எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே, இந்தக் கிழிசல் எதற்கு?” நியாயமான கேள்விதான். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. அப்புறம் அந்த ஐந்து பாகங்களைப் போடாத பதிப்பகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2022-இலும் 2023-இலும் திரைப்படம் இரண்டு பகுதிகளாக வந்தபோது, அதுவரை தமிழ் நாவலே தொடாத பிள்ளைகள்கூட வாங்கினார்கள். கல்கியின் கதைக்கு ஆபத்து ஒன்றுமில்லை. அதைப் படித்தவர்களின் தடம்தான் அழிந்துகொண்டிருக்கிறது.

தொடர் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், வாரம் தவறாமல் ஒருவர் இதழைப் பிரித்து, பக்கம் கலையாமல் எடுத்து, அடுக்கி, எலி கடிக்காத இடத்தில் வைத்திருக்கிறார் என்றால் அதற்குப் பெயர் என்ன? இதழ் வாங்கும் வீடு தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான். அது ஐந்தாறு வீடு சுற்றி, ரசக்கறையும் எண்ணெய் விரலுமாகத் திரும்பி வந்த பிறகுதான் பக்கங்களை எடுக்க முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் உரக்கப் படித்துக் காட்டியதும் உண்டு. எழுத்தாளரைப் பாராட்டிக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் அவருக்குச் செய்த மரியாதை இந்த பைண்டு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு தொகுதியில் இளவரசர் கடலில் மூழ்கிவிட்டார் என்ற செய்தி பரவும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால், இதை நான் நம்பமாட்டேன் என்று யாரோ எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். அடுத்த வாரம்வரை காத்திருந்த ஒருவரின் கோபம் அது. இன்னொன்றின் பின்னட்டை உட்புறத்தில் பால் கணக்கு, அதன் கீழே ஒரு பெண் குழந்தை பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், பெயர் வானதி. நந்தினி வரும் படங்களில் மட்டும் கண்ணை மையால் அழித்துவைத்த தொகுதி ஒன்றும் உண்டு. செய்தது குழந்தையா பெரியவரா என்று குழுவுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. ஒரு பாகத்தில் விபூதிப் பொட்டலம், ஒன்றில் ரயில் டிக்கெட், கோடிக்கரை அத்தியாயத்தில் காய்ந்து சருகான தாழம்பூ மடல். அடுத்த பதிப்பில் இதெல்லாம் வராது, சரிதானே?

மணியம் வரைந்த படங்களையும் சொல்லாமல் விட முடியாது. வந்தியத்தேவன் என்றதும் நம் மனத்தில் குதிரையேறி வருகிற முகம், பழைய வாசகர்களுக்கு, மணியம் கொடுத்த முகம்தான். அந்தப் படங்கள் முதலில் அச்சான தாளிலேயே இங்கே இருக்கின்றன. ஓவியங்களின் உரிமை வேறு விஷயம் என்பதால் அவற்றை எங்கும் வெளியிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வந்து பார்த்துப் போகலாம், அவ்வளவுதான்.

இப்போது நிலைமை. அந்தக் காலத்து இதழ்த் தாள் மலிவான மரக்கூழில் செய்தது. அதிலேயே ஊறும் அமிலம் அதை உள்ளிருந்தே தின்கிறது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் விரல் பட்டால் அப்பளம்போல நொறுங்கும். பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினார்கள். அந்தத் தொகுதிகளைப் பூச்சி அதிகம் அண்டவில்லை. வீட்டில் வெறும் மைதாப் பசையால் ஒட்டியவற்றில் இராமபாணப் பூச்சி புகுந்து அட்டை முதல் அட்டை வரை சுரங்கம் வெட்டியிருக்கிறது. இதையெல்லாம்விடப் பெரிய நாசம், நல்லெண்ணத்தோடு ஒட்டிய செலோ டேப்.

எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். ஆரம்ப ஆர்வத்தில் இரண்டு தொகுதிகளைச் சாதாரண பைண்டிங்குக்குக் கொடுத்தோம். அழகாகத்தான் வந்தன. ஆனால் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் நறுக்கியதில் ஓரக்குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. நறுக்க வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் இது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை என்று புரிந்தது. மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டி, அமிலத்தைத் தணித்து, பழைய நூல் துளையிலேயே மறுபடி தைக்கிறார்கள். நேரம் பிடிக்கும், செலவும் பிடிக்கும்.

ஒரு தொகுதியைச் சீர்செய்ய 4,000 ரூபாய். அந்தக் கணக்கில் 2,48,000. அமிலமில்லாத அட்டைப்பெட்டிகள் 43,400, இரும்பு அலமாரி இரண்டு 34,000, படமெடுக்க 45,000, சில்லறைச் செலவு 9,600. ஆக 3,80,000 ரூபாய். உறுப்பினர்கள் போட்டது 1,12,000 கையில் இருக்கிறது. மீதி 2,68,000 உங்களிடம் கேட்கிறோம். அறைக்கு வாடகை இல்லை. உறுப்பினர் ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். குழுவில் யாருக்கும் சம்பளமோ பயணப்படியோ கிடையாது. காபிச் செலவுகூட அவரவருடையது.

வாசகர்களிடம் கையேந்துவதில் எங்களுக்குக் கூச்சமில்லை. கல்கியே அதைச் செய்தவர். எட்டயபுரத்தில் பாரதிக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று தம் இதழில் எழுதி, வாசகர்களிடமே நிதி கேட்டார். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947-இல் மணிமண்டபம் திறந்தார்கள். தம் கதையைப் படிப்பவர்கள் வெறும் கதை கேட்பவர்கள் மட்டும் அல்ல என்று அவர் நம்பியிருக்கிறார்.

கொடுத்தவர்கள் பெயரை எங்கே எழுதுவது என்று யோசித்தபோது விடை தஞ்சாவூரிலேயே கிடைத்தது. பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்ததையும், ‘நம் அக்கன்’ குந்தவை கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், ‘மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொல்கிறான். அரசனுக்குப் பக்கத்திலேயே மற்றவர்களுக்கும் இடம். எங்கள் பதிவேட்டின் முகப்பில் அந்த இரண்டு சொற்களை எழுதியிருக்கிறோம். நூறு ரூபாய் கொடுத்தாலும் பதினாயிரம் கொடுத்தாலும் ஒரே அளவு எழுத்தில், வந்த வரிசையில்தான் பெயர் ஏறும். பளிங்குப் பலகை எதுவும் கிடையாது. முழுத் தொகுதி ஒன்றின் செலவை ஏற்பவர்கள் யார் நினைவாக என்று சொன்னால், அந்தப் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்போம். (அந்தக் கல்வெட்டுகளிலேதான் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவியாகக் குறிக்கிறார்கள். நந்தினியைத் தேடாதீர்கள், அவள் கல்கி படைத்தவள்.)

வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்களிடம் இல்லை. அதை எதிர்பார்ப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. கணக்கை மாதக் கடைசி ஞாயிறன்று அறைச் சுவரில் ஒட்டுவோம். இலக்குக்கு மேல் வந்தால் வாங்குவதை நிறுத்திவிடுவோம்.

பணம் முடியாதவர்கள் பரணைப் பாருங்கள். எங்களிடம் இருக்கும் தொகுதிகளில் ஒன்றுகூட முழுமையானது இல்லை. ஒன்றில் ‘சுழற்காற்று’ நடுவே எட்டு வாரம் காணோம், இன்னொன்றில் ‘மணிமகுடம்’ கடைசிப் பக்கங்கள் இல்லை. பலவற்றைச் சேர்த்தால் இதழில் வந்த வடிவம் முழுவதும் விளம்பரம், துணுக்கு உட்பட கிடைத்துவிடும். தனியாக நாலு பக்கம் இருந்தாலும் போதும். கொடுக்க மனமில்லை என்றால் இரவலாகத் தாருங்கள், படமெடுத்துத் திருப்பித் தருகிறோம். வரும் வழியில் நனையாமல் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள். பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்ட வேண்டாம், தாள் வியர்க்கும்.

சென்னை வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கதையின் முதல் அத்தியாயத்தில், ஆடிப்பெருக்கு அன்று, வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீரநாராயண ஏரிக்கரையில். அதுதான் இன்றைய வீராணம். 2004 முதல் அங்கிருந்து குழாய் வழியாக உங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிறது. அந்தக் கடனுக்கு வட்டியாகவாவது ஏதாவது அனுப்புங்கள்!

ஐப்பசி அடைமழைக்கு முன் எல்லாத் தொகுதிகளும் பெட்டிக்குள் போயாக வேண்டும். காவிரிக்கரை ஈரம் ஒரு மழைக்காலத்தில் என்ன செய்யும் என்பதைப் போன வருடமே பார்த்துவிட்டோம். எனவே புரட்டாசி முடிவதற்குள் கிடைக்கும் தொகைதான் உண்மையில் உதவும். கணக்கு விவரம் இத்துடன் இணைத்த படிவத்தில் இருக்கிறது. நேரில் தருபவர்கள் ஞாயிறு காலை பத்து முதல் ஒரு மணிவரை வரலாம். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. பெரியவர்கள் ஏற வேண்டாம், கீழிருந்து குரல் கொடுங்கள், ரசீதுப் புத்தகத்தோடு நாங்கள் இறங்கி வருகிறோம்.

இப்படிக்கு,
வாசகர் குழுவினர்,
கும்பகோணம்