நாலாவது புஸ்

வாலாஜாபேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் செய்து கொடுத்த குட்டி நீராவி ரயில் எஞ்சின் சரியாக ஓடவில்லை என்று நீ அனுப்பின குரல் பதிவை மாடியில் உட்கார்ந்து பத்துத் தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். "எஞ்சின் செத்துப்போச்சுப்பா, சின்னவன் அழுதுகிட்டே தூங்கிட்டான்" என்று நீ சொல்கிறாய். உன் குரலுக்குப் பின்னால் எஞ்சின் ஓடும் சத்தம் நாற்பது வினாடி இருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. நீ இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒரே ராத்திரியில் கேஸ் வரும் ஜெட், நீராவி கசியாமல் பிடிக்கும் கிளாண்ட், அழுத்தம் கூடினால் திறக்கும் சேஃப்டி வால்வு என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறாய். இனி ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கை வை. அதை ஓட்டிப் பார். அப்புறம் அடுத்தது.

முதலில் தீ அணைவது. இங்கே அந்த எஞ்சினை நான் ஓட்டியதெல்லாம் நம் ஊர் வெயிலில். சித்திரை மாதம் மொட்டைமாடியில் வைத்தால் டேங்கில் இருக்கும் பியூட்டேன் கேஸ் தானாகவே சீறிக்கொண்டு வரும். நீ ஓட்டியது கிளாஸ்கோவில், தை மாதக் குளிரில், வீட்டுக்குப் பின்னால். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. இரண்டு மூன்று டிகிரிக் குளிரில் அது டேங்குக்குள் தண்ணீர் மாதிரி சும்மா கிடக்கும். கொஞ்சம் ஆவியாகி வெளியே வந்தாலும், ஆவியாகும்போதே டேங்கை இன்னும் குளிர வைத்துவிடும். நீ சொன்னாயே, மூன்று நிமிடம் நன்றாக எரிந்து அப்புறம் நீலச் சுடர் சுருங்கிப்போனது என்று, அது இதுதான். ஜெட்டில் அடைப்பு இருந்தால் ஆரம்பத்திலிருந்தே எரியாது.

எஞ்சினுக்குப் பின்னால் கோர்க்கும் டெண்டர் வண்டியில் கேஸ் டேங்கைச் சுற்றிக் காலியாக ஒரு தொட்டி இருக்கிறதல்லவா? அலங்காரத்துக்கு விட்டதென்று நினைத்திருப்பாய். அதில் வெந்நீர் ஊற்று. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். ஆறினால் மாற்று. அங்கே முகாம் அடிப்பவர்களுக்கு புரொப்பேன் கலந்த கேஸ் கிடைக்கும் என்று மாப்பிள்ளை சொன்னாராம். குளிருக்கு அது நன்றாக எரியும், உண்மைதான். ஆனால் அதன் அழுத்தம் கூடுதல். அந்த டேங்கை நான் பியூட்டேனுக்கு என்று செய்து, அதற்குத்தான் சோதித்தேன். அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதை மட்டும் அடைக்காதீர்கள்.

ஜெட்டைக் குண்டூசியால் குத்தினாயா என்று தெரியவில்லை, குத்தியிருக்கக் கூடாது. அந்தத் துளை 0.2 மில்லிமீட்டர். ஊசி போனால் துளை பெரிதாகிவிடும், பிறகு சுடர் ஊளையிடும். தின்னரில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பின்பக்கத்திலிருந்து காற்றடி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும்.

இனி தண்ணீர். இதில் நீ கொடுத்துவைத்தவள். இங்கே பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பாறை கட்டுவது உனக்குத் தெரியும். அதே பாறை பாய்லருக்குள் கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் செம்பிலேயே தங்கும். அதனால்தான் நான் ஐப்பசி மழைத் தண்ணீரை மாடியில் பிடித்து, துணியில் வடிகட்டி, பாட்டிலில் வைத்திருப்பேன். கிளாஸ்கோவுக்கு வருவது கேட்ரின் ஏரித் தண்ணீர், உப்பு மிகக் குறைந்த மெல்லிய தண்ணீர். உன் வீட்டுக் கெட்டிலுக்குள் பார், சுத்தமாக இருக்கும். அதையே வடிகட்டி ஊற்று.

பாய்லரை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதே. நீ நிரம்ப ஊற்றினதால்தான் புகைபோக்கியிலிருந்து தண்ணீர் தெறித்திருக்கிறது. குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராவி போனதும் தண்ணீராகிவிடும், தண்ணீரைப் பிஸ்டனால் நசுக்க முடியாது. சக்கரம் திணறி நிற்கும். அப்போது நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை மேலும் திறக்காமல், எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் நாலு தடவை தள்ளு. தண்ணீர் கக்கி முடித்ததும் தானே இழுக்க ஆரம்பிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், பாப்பா. ஒரு தடவை கேஸ் தீர்ந்தால், தண்ணீரைப் பார்க்காமல் மறுபடி கேஸ் அடைக்காதே. தண்ணீர் தீரும் முன்பே கேஸ் தீர்ந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் டேங்கைச் சிறிதாக வைத்தேன். அந்தக் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பை அடுப்பில் சுட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நீ சின்னப் பெண்ணாக இருந்தாய். அடுப்பு இல்லை. என் முதல் பாய்லரை ஈயப் பற்று வைத்துச் செய்திருந்தேன். சதுர அங்குலத்துக்கு நாற்பது பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் சூடு ஏறக்குறைய 140 டிகிரி. ஈயப் பற்று இளகுவது 183 டிகிரியில். தண்ணீர் இருக்கும்வரை இடைவெளி இருந்தது. நான் பேச்சு சுவாரசியத்தில் இரண்டாம் முறை கேஸ் அடைத்தேன். தண்ணீர் வற்றியதும் செம்பு நெருப்பின் சூட்டுக்குப் போய்விட்டது, பற்று விட்டு மூடி கழன்று வந்தது. முகத்துக்கு நேரே வந்திருந்தால் நினைக்கவே முடியவில்லை. உன்னிடம் இருக்கும் பாய்லர் முழுக்க வெள்ளிப் பற்று, அறுநூறு டிகிரிக்கு மேல்தான் இளகும். எண்பது பவுண்டுக்குத் தண்ணீர் அடைத்துச் சோதித்துத்தான் உன் பெட்டியில் வைத்தேன். இருந்தாலும் வற்ற விடாதே.

சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்றாய். உட்காரும் இடத்தில் ஒரு துரும்பு இருக்கும். அழுத்தம் குறைவாக இருக்கும்போது குறடால் தண்டைப் பிடித்து இரண்டு தடவை தூக்கி விடு, அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்பிரிங்கை மட்டும் முறுக்காதே. அளவு வைத்து வைத்தது அது.

எண்ணெய் விஷயத்தில் நீ சரியாகத்தான் செய்கிறாய். ஓட்டி முடித்ததும், சிலிண்டருக்கு எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரின் அடியில் நிற்கும் தண்ணீரைச் சிரிஞ்சால் இழுத்துவிட்டு, கெட்டியான ஸ்டீம் ஆயிலை நிரப்பு. ஊசி போட்டுப் பழகின கை உனக்கு, என்னைவிடச் சுத்தமாக வரும். தையல் மெஷின் எண்ணெய் சக்கரத்துக்கும் ராடுக்கும் மட்டும்.

இப்போது இரண்டாவது கோளாறு. நான் அத்தனை தடவை கேட்டது இதற்காகத்தான். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி தள்ளுகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நாலு புஸ் வர வேண்டும், ஒரே இடைவெளியில், ஒரே பலத்தில். உன் பதிவில் மூன்று பலமாக வருகிறது, நாலாவது இருக்கிறதா இல்லையா என்பது போல் வருகிறது. ஒரு பக்கத்துச் சிலிண்டருக்குள் நீராவி விடும் வால்வு தன் தண்டில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. விமானத்தில் பெட்டி பட்ட அடியாக இருக்கும்.

சக்கரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு மெதுவாக ஓட விடு. எந்தப் பக்கத்துப் பிஸ்டன் கோடிக்குப் போகும்போது சத்தம் சோர்கிறது என்று பார். எஞ்சின் நன்றாக ஆறி, அழுத்தமே இல்லாதபோது, அந்தப் பக்கத்து வால்வுப் பெட்டியின் மூடியை எடு, நாலு ஸ்குரூ. சக்கரத்தைக் கையால் சுற்று. பிஸ்டன் முன்கோடியில் இருக்கும்போது நீராவித் துளை எவ்வளவு திறக்கிறதோ, பின்கோடியிலும் அவ்வளவே திறக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், வித்தியாசத்தில் பாதி அளவுக்கு வால்வை நகர்த்தி நட்டைப் பிடி. பாதிதான், முழுசும் நகர்த்தினால் கோளாறு மறுபக்கம் போய்விடும்.

சத்தம் கேட்டே கோளாறு சொல்வதை எனக்குக் கற்றுக்கொடுத்தது உன் தாத்தா. விழுப்புரம் ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். எஞ்சின் ஷெட்டுக்குள் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பாராம். அவர் கைபட்ட ஒய்.பி. ரக நீராவி எஞ்சின்கள் சிலவற்றின் பித்தளைத் தகட்டில் கிளாஸ்கோ என்று பொறித்திருக்கும். உங்கள் ஊரின் வடக்கே ஸ்பிரிங்பர்னில் இருந்த நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தவை அவை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்தது என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். இங்கிருந்து ஒரு எஞ்சின் கிளாஸ்கோவுக்குப் போயிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல முடியவில்லையே என்று இருக்கிறது எனக்கு.

அதை மறுபடி பெட்டியில் கட்டி அனுப்பிவிடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. சின்னவனை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, தண்ணீர் பார்க்கும் வேலையை அவனிடம் கொடு. வீட்டுக்குள் மட்டும் ஓட்டாதே, மூடின அறையில் அந்தப் புகை ஆகாது.

இந்த வாரம் டெண்டரில் வெந்நீர் ஊற்றி, தீ நிற்கிறதா என்று மட்டும் பார். வால்வை அடுத்த வாரம் திற. திறந்து வைத்து ஓட்டினதும் சத்தத்தை அனுப்பு. நீ பேச வேண்டாம், சின்னவனையும் ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல். நாலும் வருகிறதா என்று நான் எண்ண வேண்டும்.

அம்மா உனக்கு ஆற்காட்டு மக்கன் பேடா அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்
அப்பா