ஒப்பீட்டுத் தாளில் ஒரு வேகம், வயலில் வேறு வேகம்: அறுவடை இயந்திரம் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நீங்கள் சொன்ன வேகத்தில் ஓட்டினால் நெல் வைக்கோலோடு வெளியே போவது குறித்து.

ஐயா,

வணக்கம். உங்கள் அறுவடை இயந்திரத்தை வாங்கி ஒரு போகம் அறுத்து முடித்துவிட்டேன். என்ஜினில் குறை இல்லை, பெல்ட் அறுந்து வண்டி நிற்கவும் இல்லை. எந்த ஒப்பீட்டுத் தாளைப் பார்த்து நான் முடிவெடுத்தேனோ, அந்தத் தாளைப் பற்றித்தான் என் புகார்.

வாங்குவதற்கு முன் சும்மா விளம்பரத்தைப் பார்த்து நான் மயங்கிவிடவில்லை. நீளமான உருளையைச் சுழற்றி நெல்லைப் பிரிக்கும் ரோட்டர் வண்டிகளைப் பற்றி விசாரித்தேன். நியூ ஹாலண்ட் 1975-லேயே இரட்டை ரோட்டர் கொண்டுவந்தது. 1977-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஒற்றை ரோட்டரில் கொண்டுவந்த ஆக்சியல் ஃப்ளோ வண்டி இன்று கேஸ் ஐஹெச் பெயரில் தொடர்கிறது. கிளாஸ் லெக்சியனில் டிரம் கதிரடிக்க, மிச்ச நெல்லை ரோட்டர் பிரிக்கிற கலப்பு முறையும் உண்டு. குபோட்டா போன்ற ஜப்பான் நிறுவனங்கள் கதிரை மட்டும் உள்ளே விட்டு, நெல் தாளை முழுசாக வெளியே தள்ளும் வண்டிகளும் செய்கின்றன. எனக்கு மாட்டுக்கு நீள வைக்கோல் வேண்டும். ரோட்டரில் அது அதிகமாக நொறுங்கும். அதனால்தான் வைக்கோலை உதறிப் பிரிக்கும் ஸ்ட்ரா வாக்கர் உள்ள உங்கள் வண்டிக்கு வந்தேன்.

அப்போது உங்கள் விற்பனையாளர் ஒரு ஒப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். குதிரைத்திறன், தானியத் தொட்டியின் கொள்ளளவு, வெட்டு அகலம் எல்லாம் வரிசையாக இருந்தன. உங்கள் வண்டிக்கு நேராக “4 கி.மீ. வேகம், மணிக்கு 1.6 ஹெக்டேர், சேதாரம் 1 சதவீதத்துக்குள்” என்று போட்டிருந்தது. எந்தப் பயிர், எவ்வளவு ஈரம் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. செயல்விளக்கம் காட்டியதோ நன்றாகக் காய்ந்த வயலில், உச்சி வெயிலில்.

என் வயலில் நெல் தாள் பச்சையாக இருந்தது, காலையில் பனி ஈரமும் இருந்தது. வண்டி போன பிறகு ஒரு பிடி வைக்கோலை எடுத்து உதறினேன். உள்ளங்கையில் முற்றிய நெல்லாக விழுந்தது. கேபினில் இருந்த சேதார மானியில் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. மானி உணர்வது பின்னால் வந்து மோதும் தானியத்தை மட்டுமே. தரையில் எண்ணிப் பார்த்து அளவு திருத்தித் தராவிட்டால் அது காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. வண்டியை ஒப்படைத்த அன்று உங்கள் ஆட்கள் அந்த வேலையைச் செய்யவில்லை.

சரி, நானே அளந்துவிடலாம் என்று 50-க்கு 50 செ.மீ. தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓடும் வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே வீசினேன். வைக்கோலை எடுத்துவிட்டு, பதரையும் கருக்காயையும் ஊதித் தள்ளி, சாக்கில் பரப்பி பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினோம். மூன்று முறை வீசியதில் 790, 815, 804. சராசரி 803, சுமார் 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 3,200 நெல். வெட்டு அகலம் 4 மீட்டர், வைக்கோல் விழுவது 1 மீட்டர் அகலத்தில் என்பதால் நான்கால் வகுத்தால் அறுத்த வயலில் சதுர மீட்டருக்கு 800. இந்த ரகத்தில் ஆயிரம் நெல் 25 கிராம். ஆக ஹெக்டேருக்கு 200 கிலோ போகிறது. விளைச்சல் 5 டன் என்றால் 4 சதவீதம்.

வேகத்தை 2.5 கி.மீ. ஆகக் குறைத்ததும் தட்டில் 200-ஐ ஒட்டி வந்தது, சேதாரமும் 1 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் மணிக்கு 1.6 ஹெக்டேர் அறுக்க வேண்டிய வண்டி 1 ஹெக்டேர்தான் அறுத்தது. மழை எப்போது வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே அறுக்கிறவனுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தேன். “மெதுவா ஓட்டுங்க சார், எல்லா வாக்கர் வண்டியும் இப்படித்தான்” என்றார்கள். உண்மைதான். வாக்கர் என்பது ஆட்டி உதறி நெல்லைக் கீழே விழவைக்கிற அமைப்பு, ஈரமான கனத்த தாளில் நெல் சிக்கிக்கொள்ளும். ரோட்டரில் சுழற்சி வேகமே நெல்லை வெளியே தள்ளுகிறது. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருந்தும் ரோட்டர் வண்டிகளுக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தைப் போட்டுக் காட்டியது எப்படி நியாயம்? பச்சைத் தாளில் 2.5 கி.மீ. என்று எழுதியிருந்தாலும் வைக்கோலுக்காக நான் இதையே வாங்கியிருப்பேன். ஆனால் இன்னும் அகலமான வாக்கர் உள்ள மாடலைக் கேட்டிருப்பேன்.

அடுத்த போகத்துக்கு முன் உங்கள் பொறியாளர் ஒருவர் தட்டோடு என் வயலுக்கு வர வேண்டும். காலை ஈரத்திலேயே அளந்து, கான்கேவ் (கதிரடிக்கும் டிரம்முக்குக் கீழே உள்ள கம்பித் தட்டு) இடைவெளி, காற்றாடி, சல்லடை மூன்றையும் சரிசெய்து, சேதார மானியையும் திருத்தித் தர வேண்டும். அதன் பிறகும் 4 கி.மீ. வேகத்தில் 1 சதவீதத்துக்குள் வராவிட்டால் வண்டியை மாற்றித் தாருங்கள், அல்லது அகலமான மாடலுக்கு மாற நியாயமான வழி சொல்லுங்கள். அப்புறம், அந்த ஒப்பீட்டுத் தாளில் பயிரையும் ஈரத்தையும் குறிப்பிடாமல் இனி யாரிடமும் கொடுக்காதீர்கள். நான் எண்ணிய கணக்கையும் ஒப்பீட்டுத் தாளின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்