இந்த முறை என் பக்கத்தில் உட்காருங்கள்

என்னங்க,

அம்மாவின் நினைவுத் திருப்பலிக்கு நீங்கள் திருத்தொண்டராக, குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளராக, பீடத்தில் நிற்க வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் "பார்க்கலாம்" என்பீர்கள். அந்தப் பார்க்கலாம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நற்செய்தியைத் தானே வாசித்துக்கொள்வதாக அவர் சொன்னார். நீங்கள் முதல் வரிசையில் என்னோடு உட்காருகிறீர்கள்.

இதை நேரில் சொல்லக் கூடாதா என்பீர்கள். தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனிலிருந்து நாம் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியதுண்டா? முதலில் சிலுவைப் பாதை, திருமுழுக்கு பெறப்போகிறவர்களுக்கு வகுப்பு, நோயாளிகளுக்கு நற்கருணை. பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா முடிந்தால் ஓயும் என்று பார்த்தால், தவக்காலத்தில் தள்ளிப்போட்ட கல்யாணங்கள் வரிசையில் நிற்கின்றன. ஊருக்கெல்லாம் வசந்தம். எனக்கோ பாஸ்கா காலத்தை முடித்துவைக்கும் பெந்தகோஸ்து எப்போது வரும் என்ற கணக்கு. பங்கு மக்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோது இரவில் முறைபோட்டு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.

அம்மாவை அடக்கம் செய்த அந்தப் புனிதச் சனிக்கிழமையைத்தான் என்னால் விட முடியவில்லை.

பெரிய வியாழன் மாலையிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரையான அந்த மூன்று நாள்களில் அடக்கத் திருப்பலி கிடையாது. திங்கள்வரை வைத்திருக்க வேண்டாம் என்று தம்பி சொன்னான். வார்த்தை வழிபாட்டோடு நீங்கள்தான் நடத்தினீர்கள். பீடத்தில் துணிகூட இல்லை. நற்கருணைப் பேழை திறந்து காலியாகக் கிடந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பாஸ்கா திரியும், உயிர்த்த கிறிஸ்துவின் அடையாளமான அந்தப் பெரிய மெழுகுதிரியும் இல்லை. பழையதை எடுத்தாகிவிட்டது, புதியது அன்றைய உயிர்ப்பு இரவு வழிபாட்டில்தான் எரியும். ஒரு நாள் பூசையைத் தவறவிடாத அம்மாவுக்குப் பூசை இல்லை, திரியும் இல்லை. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒழுங்கு அப்படி.

ஆனால் உங்கள் குரல் ஓர் இடத்தில்கூட உடையவில்லை. வாய் நிறைய "அத்தை" என்று கூப்பிட்டவர், சடங்கு நூலில் உள்ளபடி "நம் சகோதரி" என்றீர்கள். கல்லறையில் தீர்த்தம் தெளித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். துக்க வீட்டார் யாரையும் பார்க்கிற பார்வைதான் அது. இடது தோளிலிருந்து சரிந்து வந்த உங்கள் ஸ்டோலாவின், அந்தத் திருவழிபாட்டுத் துண்டின் நுனி காற்றில் அடித்து என் கையில் பட்டது. பிடித்து இழுத்து உங்களை என் பக்கம் நிறுத்திக்கொள்ளலாமா என்று தோன்றியது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நாம் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை.

அன்று இரவே, புதுத் தீயில் ஏற்றிய திரியைத் தூக்கிக்கொண்டு இருட்டுக் கோயிலுக்குள் வந்தீர்கள். மூன்று இடத்தில் நின்று கிறிஸ்துவின் ஒளியை அறிவித்தீர்கள். அப்புறம் பாஸ்கா புகழுரை. இந்த இரவு துயருற்றோருக்கு மகிழ்ச்சி தருகிறது என்ற இடத்தில் அடக்க முடியாமல் அழுதேன். அம்மா எங்கோ பத்திரமாக இருக்கிறார் என்று முதன்முதலில் நம்பியது அப்போதுதான். அதைப் பாடுவது திருத்தொண்டரின் பணி. நீங்கள் பாடியதால்தான் அந்த இரவு எனக்குக் கழிந்தது. காலையில் கோபப்பட்டதும் இதே குரல்மீதுதான், என்ன செய்வது?

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மணமானவரைத் திருத்தொண்டராக்க அவருக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்த விதிகளிலேயே இது இருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன். நான் முந்திப் போய்விட்டால் நீங்கள் மறுமணம் செய்துகொள்ள முடியாது என்று விளக்கியபோது, என்னைப் பார்த்து, "அந்தக் கவலை எனக்கில்லை" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன். ஆனால் உங்களைப் பங்கோடு பகிர்ந்துகொள்ளத்தான் கையெழுத்துப் போட்டேன், மொத்தமாக எழுதிக் கொடுக்கவில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் கூடவே இருக்கிறீர்கள். நம் வீட்டுச் சாவில் மட்டும் நான் தனியாக நின்றேன்.

உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் நகர்ந்துகொண்டே இருப்பதால், இந்த ஆண்டு அம்மாவின் தேதி பாஸ்கா காலத்து வேலைநாளில் விழுகிறது. திருப்பலி உண்டு, திரியும் எரியும். அழுகை வந்தால் அழுங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

காலை ஆறரைக்குப் பூசை. மன்றாட்டை தம்பி மகள் வாசிக்கிறாள். அங்கியை நான் தேய்க்கவில்லை, நீலச் சட்டையைத்தான் தேய்த்து மாட்டியிருக்கிறேன். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.