திருப்பூர் சாயப்பட்டறைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

2011 ஜனவரி 28 அன்று வந்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் நின்றால் நிட்டிங் நிற்கும், கட்டிங் நிற்கும், பவர் டேபிள் என்னும் தையல் வேலையும் நிற்கும். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதற்கு நம் கழிவுதான் காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. அரசு தந்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனோடு, பட்டறைக்காரர்கள் புரட்டிய பணமும் சேர்ந்துதான் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் மறுபடி ஓடின. கழிவை வெளியே விடாமல் சாயம் போடமுடியும் என்று ஊராகச் செய்து காட்டியிருக்கிறோம். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அது நிலைப்பது உப்பில் இருக்கிறது.

100 கிலோ துணிக்கு 1:6 கணக்கில் 600 லிட்டர் தண்ணீர். சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும்; அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்றால் 36 கிலோ உப்பு. அது துணியில் தங்குவதில்லை, அத்தனையும் கழிவோடு வருகிறது. மெம்ப்ரேன் என்னும் நுண்சவ்வால் வடிகட்டும் ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் பிரிந்தபின் மிஞ்சும் ரிஜெக்டை, அதாவது உப்புத் தண்ணீரை, எவாப்பரேட்டரில் சுண்டவைத்து, 10 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் சாயத்துக்குப் போட்ட சல்பேட் உப்பு (சோடியம் சல்பேட்) படிகமாக இறங்கும். சாதா உப்பு (சோடியம் குளோரைடு) அப்படி இறங்காது. விலை குறைவென்று ஒருவர் சாதா உப்புப் போட்டாலும் மிஞ்சுவது கலப்பு உப்புதான். சென்ற மழைக்காலத்தில் அதுவே நடந்தது: வெள்ளையாக உதிர வேண்டியது, பழுப்பு நிறத்தில் ஈரமாகக் கையில் ஒட்டியது. அதை மறுபடி சாயத்தொட்டியில் போடமுடியாது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கத்தான் வேண்டும். ஷெட் ஒழுகினால் உப்பு கரைந்து மண்ணுக்குள் போய்விடும்.

போர் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னரைக் கழுவும் உப்புத் தண்ணீரிலும் குளோரைடு இருக்கிறது. பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இனி ஒவ்வொரு பட்டறைக் கழிவிலும் வாரம் ஒருமுறை குளோரைடு பார்க்கப்படும்.

மெம்ப்ரேன் அடைப்புக்குக் காரணம் நிட்டிங் எண்ணெயும் ஃபினிஷிங் சிலிக்கானும். பிரஷர் ஏறி, தண்ணீர் குறையும். கழுவியும் திரும்பாவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. சிலிக்கான் தொட்டித் தண்ணீரை முடிந்தவரை மறுமுறை பயன்படுத்துங்கள், கழிவு லைனில் கொட்டாதீர்கள்.

ஷெட் கூரைப் பழுது இந்த மாதமே முடிய வேண்டும். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்