கரும்பலகையின் ஓராண்டு: படிப்பகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இந்தப் பங்குனி வெயிலிலும் வந்து சேர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. ஐப்பசி மழையில் ஒழுகிய ஓடுகளை மாற்றியாயிற்று. நாளிதழ்கள் தடையில்லாமல் வருகின்றன. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த வேலை என்று நான் நினைப்பது வாசலில் இருக்கும் கரும்பலகைதான். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். இதே தேதியில் முன்பு என்னென்ன நடந்தது என்று தினமும் காலை ஆறு மணிக்குள் எழுதுவது என்று சென்ற ஏப்ரலில் தொடங்கினோம். டீக்கடைக்கு வருகிறவர்கள் நின்று படிப்பார்கள், பிள்ளைகள் பள்ளி வேன் வரும்வரை பார்ப்பார்கள். அவ்வளவுதான் எண்ணம்.

தொடங்கிய மாதத்திலேயே ஏப்ரல் 26 வந்தது. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் கண்மூடிய நாள், ஆண்டு 1920. அதே 1920 ஏப்ரல் 26 அன்றுதான் வாஷிங்டனில் ஷாப்லி, கர்ட்டிஸ் என்ற இரண்டு வானியலாளர்கள், பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்று மேடையில் வாதாடினார்கள். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்ததும் இதே தேதி. மூன்றையும் எழுதினோம். அங்கே வாதாடியவர்களுக்கு ராமானுஜன் இறந்தது தெரிந்திருக்குமா என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். கடல் தாண்டிக் கடிதம் போகவே நாளாகும் காலம் அது, அன்றைக்குத் தெரிந்திருக்காது என்றேன். ஒரு தேதி என்பது எத்தனை ஊர்களில் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஜூன் 12 நமக்கு மேட்டூர் திறக்கும் நாள். 1964இல் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும், 1975இல் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதே ஜூன் 12தான். ஆனால் 2024இல் அணையில் தண்ணீர் இல்லை, அன்று மதகு திறக்கவில்லை. பலகையில் 'மேட்டூர்' என்று எழுதிப் பக்கத்தில் இடம் விட்டிருந்தோம். குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்து வைத்திருந்தவர்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். கடைசியில் ஜூலை 28 அன்று திறந்தார்கள். மழைத் தண்ணீர் வந்த வேகத்தில் இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. அந்தச் சேதியைப் பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதினோம்.

இடையில் ஜூலை 16. அன்று நாம் செய்த பிழையைப் பொதுக்குழுவில் சொல்லியாக வேண்டும். 1945இல் அமெரிக்கப் பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை. 1969இல் நிலவுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 11. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, கடைசி வரியில் இடம் போதாமல் நெருக்கி, கும்பகோணம் பள்ளித் தீ, 2004, 94 குழந்தைகள் என்று எழுதியிருந்தோம். அன்றோடு சரியாக இருபது ஆண்டுகள். கும்பகோணத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் வெகுநேரம் நின்று படித்துவிட்டு உள்ளே வந்தார். "தம்பி, அதை மேல எழுதக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உடனே பலகையை அழித்து, அந்த ஒரு வரியை மட்டும் நடுவில் எழுதினோம். மற்ற இரண்டையும் அன்று எழுதவில்லை.

அந்த மாதச் செயற்குழுவில் இரண்டு மணி நேரம் இதையே பேசினோம். துக்க நாட்களில் வேறெதுவும் எழுத வேண்டாம் என்று சிலரும், எல்லாவற்றையும் எழுதுவதுதான் சரி என்று சிலரும் சொன்னார்கள். நம் மண்ணில் நடந்தது முதல் வரி, உலகத்துச் சேதி அதற்குக் கீழே என்று முடிவானது. இந்த ஆண்டின் முக்கியமான தீர்மானமாக இதையே பதிவு செய்கிறேன்.

அந்த விதிப்படி எழுதிய டிசம்பர் 25ஐ மறக்க முடியாது. 1968இல் அந்த நாள் இரவு, கீழ்வெண்மணியில் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கூலியை உயர்த்திக் கேட்டதும் சங்கம் வைத்ததும்தான் அவர்கள் தரப்பு செய்த 'குற்றம்'. அதே நாளில், நம் கடிகாரப்படி பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன், நிலவை முதன்முதலாகச் சுற்றிய மூன்று மனிதர்கள் அப்பல்லோ 8 கலத்தில் பூமியை நோக்கித் திரும்பினார்கள். நிலவின் விளிம்புக்கு மேலே நம் பூமி நீல உருண்டையாக எழும் படத்தை அவர்கள் எடுத்து அப்போது ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அங்கிருந்து பார்த்தபோது எவ்வளவு அழகாக இருந்த பூமி! அன்று இரவே அதில் நம் பக்கத்து வயல்வெளியில் இப்படி ஒன்று நடந்தது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதியபோது கை நடுங்கியது. மறுநாள் சுனாமியின் இருபதாம் ஆண்டு. நாகப்பட்டினத்துக்கு ஒரு வரி போதும், அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 18 எங்களைத் திகைக்க வைத்த தேதி. சென்னை மாகாணமும் மைசூரும் காவிரிக்காகச் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் 1892 பிப்ரவரி 18. கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் அணைகளுக்கு வழிவிட்ட இரண்டாவது ஒப்பந்தம் 1924, அதே பிப்ரவரி 18. கும்பகோணம் மகாமகக் குளத்தில் நெரிசலில் பலர் உயிரிழந்தது 1992, அதுவும் பிப்ரவரி 18. மகாமகம் நட்சத்திரக் கணக்கில் வருவது. 2004இல் மார்ச் 6, 2016இல் பிப்ரவரி 22 என்று ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு தடவை இப்படி வந்து விழுந்திருக்கிறது. இதற்குப் பொருள் தேட வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேதி ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலால்தான் இரண்டு ஒப்பந்தங்களையும் தேடிப் படித்தோம். அப்புறம் கீழே எழுதியவை: புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது 1930, பம்பாயில் கடற்படை வீரர்களின் எழுச்சி 1946.

அடுத்த ஆண்டுக்குத் தேவைகள் மூன்று. பலகைக்குக் கருப்புச் சாயம் பூச வேண்டும். பலகை எழுதிவந்த தங்கை கல்லூரி விடுதிக்குப் போகிறாள், நல்ல கையெழுத்துள்ள ஒருவர் வேண்டும். இரண்டு இடங்களில் சரிபார்க்காத எதையும் எழுதக்கூடாது என்ற விதிக்குப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

கடைசியாகச் சொன்ன விதிக்குக் காரணம் சென்ற ஏப்ரல் 13. வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய நாள் என்று அன்று எழுதிவிட்டோம். பெரியவர் ஒருவர் திருத்தினார்: 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் படை திருச்சியிலிருந்து புறப்பட்டது, உப்பு அள்ளியது 30ஆம் தேதி. யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் அறிவித்தபோது, நம் ஜனங்கள் சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்ட கதையையும் அவர்தான் சொன்னார்.

இன்று ஏப்ரல் 12, பலகையில் விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் இருக்கிறார். நாளை காலை ஜாலியன்வாலாபாக், 1919. அதற்கும் மேலே, முதல் வரியாக, திருச்சியிலிருந்து புறப்பட்ட நடைப்பயணம். இந்த முறை அந்தப் பெரியவரையே எழுதித் தரக் கேட்டிருக்கிறேன்.