பழி பயனாளர் மேல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தரவுத் திருட்டு பற்றிய கட்டுரையில், ‘நிபந்தனைகளைப் படிக்காமல் சம்மதம் என்று அழுத்துகிறவர்கள் பிறகு யாரையும் நொந்து பயனில்லை’ என்று ஒரு வரி. அதை எப்படி அச்சுக்கு அனுப்ப மனம் வந்தது? சட்டமே அப்படிச் சொல்லவில்லையே! முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. குக்கீகளை (இணையதளம் நம் கருவியில் போட்டுவைக்கும் சிறு பதிவுகளை) ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. தங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஓர் இணையதளத்தில் இருந்த என் கணக்கை அழித்துவிடச் சொல்லி எழுதினேன். சேரும்போது மின்னஞ்சல் முகவரி மட்டும் போதுமாக இருந்தது. விலகுகிறேன் என்றதும் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள். மறுத்தேன். ‘உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. கணக்கு அப்படியே இருக்கிறது, விளம்பரங்களும் வந்தபடி இருக்கின்றன. நிறுவனம் ஒரு நாட்டில், சர்வர் இன்னொரு நாட்டில், நான் வேறொரு நாட்டில். இதில் எந்த நிபந்தனையை நான் படிக்காமல் விட்டேன், ஐயா?

இது இன்று நேற்று வந்த வருத்தம் இல்லை. இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘பேராசை’ என்று தலைப்பு வைக்கிறீர்கள். அதைக் கண்டித்து முன்பு எழுதிய கடிதத்தில், இதழைப் பாராட்டியிருந்த வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள்.

அபராதச் செய்தி என்றால் கொட்டை எழுத்து. 2023-ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த 120 கோடி யூரோவைக் கொண்டாடினீர்கள். யாருடைய தரவோ அவர்கள் கைக்கு என்ன வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அத்தனையும் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழிவைத்த 43ஏ பிரிவை நீக்கவும் அதே சட்டம் வகை செய்கிறது. பொய்ப் புகார் கொடுத்தவருக்கோ 10,000 ரூபாய் வரை தண்டம். அமெரிக்காவில், வாடகைக்கு எடுத்த வீடியோ என்னென்ன என்ற விவரத்துக்கு 1988-லேயே பாதுகாப்புச் சட்டம் வந்தது. எல்லாத் தரவுக்கும் பொதுவான ஒரு கூட்டாட்சிச் சட்டம் அங்கே இன்னும் இல்லை. எழுத இத்தனை இருக்க, பழி மட்டும் எங்கள் விரலின் மேலா?

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், எந்த நாட்டில் யாரிடம் புகார் செய்வது என்று கீழே ஒரு சிறு கட்டம் கட்டிப் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர் தாம் வசிக்கும் நாட்டு ஆணையத்திடமே புகார் தரலாம், தம் தரவு பற்றி அவர் வைக்கும் கோரிக்கைக்கு நிறுவனம் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இரண்டு விவரமாவது அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி