ககேத்தியில் ஒரு திராட்சைத் தோட்டம்: முத்தையாவுக்குக் கடிதம்

திபிலீசி, ஜார்ஜியா,
அக்டோபர் மாதம்.

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை மீனாட்சிக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் தோட்டம் வரை நடந்து போய் வருகிறாள் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. என் மகள் கயல்விழி இங்கே நன்றாகப் படிக்கிறாள். நான்காம் ஆண்டு மருத்துவம் என்பதால் பாதி நாள் மருத்துவமனையிலேயே கழிகிறது. பெரியப்பாவுக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். கிணற்றுக்குக் கிழக்கே இருக்கும் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைக்கலாம் என்று உன் மகன் சொல்வதாகவும், வியாபாரி கொடுக்கும் விலையில் கூலியும் மருந்துச் செலவும் போகக் கையில் நிற்பது சொற்பம் என்றும் எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தாய். அதற்கு நேராகப் பதில் சொல்வதைவிட, சென்ற வாரம் நான் பார்த்து வந்த ஒரு தோட்டத்தைப் பற்றி விரிவாக எழுதுவது உனக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது.

கயல் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மையாரின் பிறந்த ஊர், ஜார்ஜியாவின் கிழக்கே ககேத்தி மாநிலத்தில், தெலாவி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய அண்ணன் குடும்பம் அங்கே நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான திராட்சைத் தோட்டம் வைத்து, தாங்களே ஒயின் செய்து, வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, சுவைக்கக் கொடுத்து விற்கிறார்கள். அறுவடைக் காலத்தை இங்கே ருத்வெலி என்கிறார்கள். அந்தச் சமயத்தில் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்களாம். எங்களையும் அப்படித்தான் அழைத்துப் போனார்கள். கோம்போரிக் கணவாயின் வளைவுகளைக் கடந்து இறங்கியதும் அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் கொடிவரிசைகளாக விரிந்து கிடந்தது. அதற்கு அப்பால் காக்கசஸ் மலைத்தொடர். மேகமலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த நமக்கு, மலையடிவாரத்துத் திராட்சை என்றாலே ஓர் உரிமை வந்துவிடுகிறது.

ஆனால் தோட்டத்துக்குள் நுழைந்தவுடன் எல்லாமே வேறாக இருந்தது. பந்தல் கிடையாது. கல் தூணும் கிடையாது. கம்பி இழுத்துக் கட்டிய வரிசைகளில் கொடிகள் மார்பளவுக்கு நிற்கின்றன. குலைகள் முழங்கால் உயரத்திலேயே தொங்குவதால் பெண்களும் சிறுவர்களும் குனிந்தபடியே வெட்டிக் கூடையில் போடுகிறார்கள். குளிர்காலத்தில் கொடி முற்றிலும் உறங்கிவிடுகிறது. குளிர் விலகும் தறுவாயில் ஒரே ஒரு கவாத்து, இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு அறுவடை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்த நான்காம் மாதத்தில் குலை வெட்டுகிறோம், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்று நான் சொன்னபோது, அந்த வீட்டுப் பெரியவர் நம்பவில்லை. உறக்கமே இல்லாமல் ஒரு கொடி எத்தனை ஆண்டு தாங்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உன் கைபேசிப் படத்தைக் காட்டிய பிறகுதான், பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நடக்கலாம் என்பதையே ஒப்புக்கொண்டார். நோய் விஷயத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் வேறுபாடு இல்லை. அங்கேயும் அடிச்சாம்பல் நோய்தான் பெரிய தொல்லை, அங்கேயும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைதான் மருந்து. இலைகளின் மேல் அந்த நீலக்கறை படிந்திருந்ததைப் பார்த்ததும் உன் தோட்டத்தில் நிற்பது போலவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி வந்து பழைய கொடிகளை அழித்த பிறகு, இங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளின் மேல் உள்ளூர் இரகங்களை ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள்.

அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளைத் திராட்சையான ரகட்சிதெலி. ஒரு பகுதி சபெராவி என்ற கருந்திராட்சை. ஓரத்தில் சில வரிசைகள் கிசி என்ற பழைய இரகம். சபெராவிப் பழம் ஒன்றைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்து நசுக்கச் சொன்னார் பெரியவர். நம் பன்னீர் திராட்சையில் நிறமெல்லாம் தோலில்தான், உள்ளே சதை பச்சை வெளிறி இருக்கும் அல்லவா? இதில் சதையும் சிவப்பு, சாறும் சிவப்பு. விரல் இடுக்கில் ஏறிய கறை மறுநாள் வரை போகவில்லை.

கிசி வரிசைகளுக்கு முன்னால் அவர் வெகு நேரம் நின்று பேசினார். ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை இரகங்கள் 500க்கு மேல் உண்டு. சோவியத் ஆட்சியில் ஒயின் என்பது பெரிய ஆலைகளின் தொழிலாகிவிட்டது. ஆலைக்கு வேண்டியது அளவு, ஆகவே நிறைய காய்க்கும் சில இரகங்களை மட்டும் பரப்பினார்கள். 1985-இல் கோர்பச்சோவ் மது எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது ஏராளமான தோட்டங்களை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அந்தக் காலம் முழுவதும் பழைய இரகங்களும் பழைய செய்முறையும் பிழைத்திருந்த இடங்களில் முக்கியமானது வீட்டுக் கொல்லை. குடும்பத்துக்கு விடப்பட்டிருந்த துண்டு நிலத்தில், விற்பதற்கென்று இல்லாமல், தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் விருந்துக்கும் வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். ஆலை கேட்காத கொடியை வீடு கேட்டது, அதனால் அது மிஞ்சியது. முத்தையா, உன் கிழக்குப் பந்தலைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

பிறகு மரானிக்கு அழைத்துப் போனார்கள். ஒயின் செய்யும் அறைக்கு அதுதான் பெயர். உள்ளே போனால் பீப்பாய் எதுவும் கண்ணில் படாது. மண் தரையில் வரிசையாக வட்ட வாய்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் கீழே கழுத்து வரை புதைக்கப்பட்ட பெரிய மண்சாடி இருக்கிறது. இதைக் குவெவ்ரி என்கிறார்கள். வெளியே முற்றத்தில் புதைக்காத சாடி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் உயரத்துக்கு மேல் இருந்தது. வயிறு அகன்று, அடி கூர்மையாகக் குறுகியிருந்தது. ஆதிச்சநல்லூரில் எடுத்த முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்கள் எவரும் ஒரு கணம் திகைத்துத்தான் நிற்பார்கள். தெலாவிக்கு அருகில் வர்திசுபானி என்னும் ஊரில் இன்றும் இதைச் செய்கிறார்கள். சக்கரத்தில் வைத்து வனைய முடியாத அளவு என்பதால், களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாகக் கையாலேயே ஏற்றி, ஒரு வளையம் இறுகிய பிறகு அடுத்ததை வைத்து, வாரக்கணக்கில் கட்டிச் சூளையில் சுடுகிறார்கள். சூடு ஆறுமுன் உட்புறத்தில் தேன்மெழுகு பூசுகிறார்கள். இந்தச் செய்முறையை 2013-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. திபிலீசிக்குத் தெற்கே அகழ்ந்தெடுத்த புதிய கற்கால மட்பாண்ட ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சம் இருப்பதை 2017-இல் உறுதி செய்திருக்கிறார்கள். அவை ஏறத்தாழ 8,000 ஆண்டுகள் பழையவை. பாரியின் நாட்டில் நிலத்தில் புதைத்து முதிர வைத்த தேறல் என்ற மதுவைக் குடிசைதோறும் கொடுத்தார்கள் என்று கபிலர் பாடிய புறநானூற்று அடியை நீ கல்லூரி விடுதியில் சொல்லிக்கொண்டிருப்பாயே, அதைக் கயல் மூலம் அந்தப் பெரியவருக்குச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

செய்முறையைக் கேள். திராட்சையை மிதித்தோ பிழிந்தோ சாறு எடுத்து, வெள்ளைத் திராட்சையாக இருந்தாலும் தோலும் விதையும் காம்பும் சேர்த்தே சாடிக்குள் விடுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் தனியாகச் சேர்ப்பதில்லை. பழத்தோலில் வந்ததே வேலை செய்கிறது. நாங்கள் போனபோது இரண்டு சாடிகள் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தன. மேலே தோல்கள் தடித்த அடையாக மிதந்து வருகின்றன. அந்த வீட்டு மருமகள் நீண்ட மரக்கோலால் அந்த அடையை உடைத்து உள்ளே அமிழ்த்தினாள். பகலிலும் இரவிலும் முறை வைத்து இதைச் செய்யாவிட்டால் மேற்பரப்பு காய்ந்து புளித்துவிடும். நொதித்தல் அடங்கியதும் தோலும் விதையும் தாமாகக் கீழே இறங்கிக் கூரிய அடியில் படிந்துவிடும். விதைகளின் மேல் வண்டல் மூடிக்கொள்வதால் கசப்பு அதிகம் ஏறுவதில்லை. பிறகு வாயைக் கல்லால் மூடிக் களிமண்ணால் அடைத்துவிட்டால் வசந்தம் வரை திறப்பதில்லை. சுற்றியுள்ள மண் வெப்பத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதால் குளிர்பதன வசதியே வேண்டியதில்லை. காலியான சாடியைக் கழுவுவதுதான் கடினமான வேலை. செர்ரி மரப்பட்டைகளை அடுக்கிச் செய்த தேய்ப்பானை நீண்ட கோலில் கட்டித் தேய்த்துத் தேய்த்து, ஊற்றிய தண்ணீர் குடிக்கிற அளவுக்குத் தெளிவாக வெளியே வரும் வரை விடமாட்டார்கள். ஒயின் நன்றாக வருவதும் கெடுவதும் அங்கேதான் என்றார் பெரியவர்.

சுவைக்கத் தந்தது சென்ற ஆண்டின் ஒயின். ரகட்சிதெலி தோலோடு ஆறு மாதம் கிடந்ததால் வெள்ளை என்று சொல்ல முடியாத அம்பர் நிறத்தில் இருந்தது. முகர்ந்தால் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் அக்ரூட்டும் மணந்தன. வாயில் வைத்ததும் நல்ல துவர்ப்பு நாவைப் பிடித்தது. கிசி இன்னும் மென்மை. சபெராவி அடர்த்தியும் புளிப்புமாக, இறைச்சியோடு சேர்ந்தபோதுதான் தன் முழுச் சுவையைக் காட்டியது. நான் அதிகம் குடிப்பவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும். கொஞ்சமாக எடுத்துக்கொண்டேன், அவர்களும் வற்புறுத்தவில்லை. இறைச்சியைச் சுட்டது எதில் தெரியுமா? கவாத்தில் விழுந்த காய்ந்த கொடிக் குச்சிகளின் தணலில். சாறு வடிந்த சக்கையைச் செப்புப் பாத்திரத்தில் காய்ச்சிச் சாச்சா என்ற சாராயம் வடிக்கிறார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து வீணாக வெளியே போவது எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் தமதா என்று ஒருவர் இருந்து, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் ஒரு வாழ்த்துச் சொல்கிறார். முதலில் அமைதிக்காக, பிறகு இறந்துபோன முன்னோருக்காக, பிறகு பிள்ளைகளுக்காக. தூரத்திலிருந்து பெண்ணைப் படிக்க அனுப்பிய பெற்றோருக்காக என்று ஒரு வாழ்த்தும் சொன்னார்கள். கயல் கண் கலங்கிவிட்டாள்.

தங்கை மீனாட்சிக்கு என்று நான் தனியாகக் கவனித்த ஒன்று உண்டு. புதுச் சாற்றை மாவு சேர்த்துக் கிளறிக் கெட்டியாக்கி, நூலில் கோத்த அக்ரூட் பருப்புகளை அதில் முக்கி எடுத்து, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். சுர்ச்கேலா என்று பெயர். சர்க்கரை சேர்ப்பதில்லை, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. ஒயினை நாம் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது. ஆனால் இது மது அல்ல, அந்தத் தடை இதற்கு இல்லை. பறித்த சில நாளில் பழுதாகிவிடும் நம் பன்னீர் திராட்சைக்கு இப்படி ஒரு வழி இருந்தால் வியாபாரியின் லாரிக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அந்தக் குடும்பமும் விலை அடி வாங்கித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. அதுவரை விற்பனையின் பெரும்பகுதி அங்கேதான். 2013-இல் தடை நீங்கும் வரை, பழத்தை வாங்குவதற்கு ஆள் இல்லாமல் பலர் தவித்திருக்கிறார்கள். இவர்கள் அந்த ஆண்டுகளில்தான் தாத்தாவின் சாடிகளைக் கழுவி எடுத்து, தங்கள் பெயர் போட்டுப் புட்டியில் அடைத்து, வீட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். தோட்டத்தைப் பெரிதாக்கவில்லை. நான்கு ஏக்கருக்கு மேல் போனால் மரக்கோலால் அமிழ்த்த வீட்டு ஆட்கள் போதாது என்பது அவர்கள் கணக்கு.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது. பந்தல் முழுவதையும் பிரிக்காதே. சாலை ஓரப் பாதியில் உன் மகன் விருப்பப்படி வாழை வைக்கட்டும். அவன் கணக்கிலும் நியாயம் இருக்கிறது, இளையவனை எதிர்த்து நிற்பதில் பயன் இல்லை. வீட்டை ஒட்டிய பாதியை மட்டும் வியாபாரிக்கு ஒரு கிலோகூடப் போடாமல் வைத்துக்கொள். சுருளி அருவிக்குப் போகிற வண்டிகள் உன் வாசல் வழியாகத்தான் போகின்றன. பந்தலுக்குக் கீழே நடந்து தாங்களே குலை வெட்டிக்கொள்ள விட்டால் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயருக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. சாறும் உலர் பண்டமும் செய்வதற்கு ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். நான் வந்ததும் இருவருமாகப் போவோம்.

நவம்பர் நடுவில் ஊர் திரும்புகிறேன். அதுவரை கிழக்குப் பந்தலில் கவாத்து வைக்காமல் இருந்தால் நல்லது; எந்த வரிசை வரை நிறுத்துவது என்பதை நேரில் நடந்து பார்த்து முடிவு செய்யலாம். உன் மகனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, அவன் என்ன சொல்கிறான் என்று மறக்காமல் எழுது.

உன் அன்புள்ள,
சுந்தரராஜன்